காலில் முள்ளா? அசட்டை வேண்டாம்



வரப்பில் நண்டு வளை போட்டால் வெளியே தெரிவது விரல் நுழையும் ஓட்டைதான். உள்ளே தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டே போகும். விடிந்து பார்த்தால் வரப்பு உடைந்து கிடக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர் காலில் முள் தைத்தால் சில சமயம் இதே கதைதான்.

இது பட்டணத்துக்காரர் வியாதி என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. வயலில் பாடுபடுகிறவர்களும் அதில் உண்டு.

சர்க்கரை பல வருஷம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் மூன்று கெடுதல் வரும். கால் நரம்பு கெட்டு மரத்துப்போகும். முள் தைத்ததே தெரியாது. பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். அப்போது கிருமி தோலுக்கு அடியில், தசையை மூடியிருக்கும் சவ்வு வழியே மளமளவென்று பரவலாம். சில மணி நேரத்தில் பாதத்திலிருந்து மேலே ஏறிவிடும். சதை அழுகும். உயிருக்கே ஆபத்து.

"முள்ளுதானேங்க, சுண்ணாம்பு வச்சாச் சரியாப் போயிடும்" என்பார்கள். சுண்ணாம்பு, சாணி, புகையிலை, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். சுடுதண்ணீர் ஒத்தடமும் கூடாது; மரத்த காலுக்குச் சூடு உறைக்காது, தோல் வெந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ரணஜன்னி ஊசி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

இந்த அடையாளங்களை மட்டும் மறக்காதீர்கள். சின்னப் புண்ணுக்குப் பொறுக்க முடியாத வலி, வேகமாகப் பரவும் சிவப்பும் வீக்கமும், கொப்புளம், தோல் கறுத்தல், தொட்டால் நறநற என்ற உணர்வு, துர்நாற்றம், குளிர்காய்ச்சல், பிதற்றல். இதில் ஒன்று கண்டாலும் காத்திருக்காதீர்கள். கால் மரத்தவருக்கு வலியே இல்லாமலும் இருக்கலாம். 108-க்குப் போன் போட்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோயாளிக்குச் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

அங்கே அழுகிய சதையை வெட்டி எடுப்பார்கள். கிருமிக்கு மருந்தும், சர்க்கரைக்கு இன்சுலினும் ஊசி வழியாகக் கொடுப்பார்கள். "கத்தி வைக்கணுமாம்" என்று பயந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. "நடவு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறவர்களும் உண்டு. நடவு இரண்டு நாள் தள்ளிப்போனால் சமாளிக்கலாம். விரலோடு முடிய வேண்டியது முழங்காலுக்கு ஏறினால், அடுத்த நடவுக்கு வரப்பில் நிற்கக் கால் ஏது?

வராமல் காப்பதே மேல். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். களத்து மேட்டிலும் செருப்புப் போடுங்கள். வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும்.

தினம் வயலைச் சுற்றிப் பார்க்கிறோம். அதேபோல் காலையும் ஒரு தரம் பாருங்கள்.