பழமொழி திரட்டிய பாதிரியார்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக் காலங்கழிப்பவன் நான். தமிழ்த் தொண்டு புரிந்த ஒருவரைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தபோது, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரே என் நினைவுக்கு வந்தார். அதற்குக் காரணம் என் மகள்.

ஒருநாள் அவளிடம், ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்றேன். ‘கூடம் என்றால் என்ன, அப்பா?’ என்று கேட்டாள். இரண்டு அறைகொண்ட குவார்ட்டர்ஸில் கூடத்திற்கு நான் எங்கே போவேன்? பொருளை விளக்கத் தொடங்கியதுமே, ‘ஓ! ஆங்கன் டேடா!’ என்று இந்திப் பழமொழியைக் கூறி முடித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது. நெஞ்சில் ஏதோ உறுத்தவும் செய்தது. தரியாகஞ்சில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கி, பல நாள் பிரிக்காமலே வைத்திருந்த பெர்சிவலின் பழமொழித் திரட்டை அன்றிரவுதான் படிக்க எடுத்தேன்.

அவர் 1803-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மெதடிஸ்டு சபையின் வெஸ்லியன் பிரிவைச் சேர்ந்த குருவாக 1826-இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் அச்சபையார் நடத்திய பள்ளி அவர் பொறுப்பில் வளர்ந்தது. இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்குவது அதுவே. அங்கு அவரிடம் பயின்று, பின்னர் ஆசிரியராகவும் அமர்ந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

இவ்விருவர் உறவை எண்ணுந்தோறும் வியக்கிறேன். நாவலர் பழுத்த சைவர். பெர்சிவலோ கிறிஸ்துவைப் போதிக்க வந்தவர். ஆயினும் விவிலியத்தை நல்ல தமிழில் பெயர்க்க வேண்டுமென விரும்பிய பாதிரியார், தம் சமயத்தாருள் ஒருவரைத் தேடாமல் அந்த இளைஞரையே துணைக் கொண்டார். நாவலரும் தம் புலமையை ஒளிக்காமல் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து உழைத்தார். 1848-இல் பள்ளியை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாதிரிமார் கையாண்ட பள்ளி, அச்சு, பிரசங்கம் ஆகிய கருவிகளையே சைவத்திற்காக ஏந்தினார். கற்பித்தவர் அதை எவ்வாறு ஏற்றாரோ! மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சாயிற்று. சபையார் அதனை நிலையான பதிப்பாகக் கொள்ளவில்லை.

பின்னர் பெர்சிவல் மெதடிஸ்டு சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, சென்னைக்கு வந்தார். 1855-இல் ‘தினவர்த்தமானி’ என்னும் இதழைத் தொடங்கினார். பெயரைக் கண்டு நாளிதழ் என மயங்க வேண்டா. அது வார இதழே. அதன் ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத்து இளைஞர் சி. வை. தாமோதரம் பிள்ளை, பிற்காலத்தில் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். பெர்சிவல் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் விளங்கினார், அகராதிகளும் தொகுத்தார். அவற்றை விரித்துரைக்க நேரமில்லை.

நான் சொல்ல வந்தது பழமொழித் திரட்டைப் பற்றியே. யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே ஏறத்தாழ இரண்டாயிரம் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை ஆறாயிரத்தைக் கடந்தன. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது! கோவிலிலும் கல்லூரியிலும் மட்டுமே இருந்தவருக்கு மாமியார் மருமகள் பேச்சும், உழவர் பேச்சும், கடன்காரன் பேச்சும் எவ்வாறு கிட்டும்? பிறர் பேசுவதைச் செவிகொடுத்துக் கேட்டவராதல் வேண்டும். அவருடைய ஆங்கில விளக்கம் சிலவிடங்களில் சப்பென்றிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டிமார் கையை ஆட்டிச் சொல்லும் குத்தல் அதில் வரவில்லை.

முதுமையில் அவர் தாய்நாடு திரும்பவில்லை. சேலத்தை அடுத்த ஏற்காட்டு மலையில் தங்கி, 1882-இல் அங்கேயே காலமானார்.

அன்பர்களே! வாயிலில் நன்கொடைப் புத்தகத்திற்கு அருகில் நீண்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறேன். உணவருந்திச் செல்லும்போது, உங்கள் வீட்டில் வழங்கும் பழமொழி ஒன்றையும், நீங்கள் எந்த ஊரார் என்பதையும் அதில் எழுதிச் செல்லுங்கள். தமிழ் எழுத வராத பிள்ளைகள் வாயால் சொன்னாலும் போதும். எழுதிக்கொள்ள என் மகள் பேனாவுடன் அங்கே அமர்ந்திருக்கிறாள்.