கிளினிக் நாளுக்கும் பெயர் வேண்டும்



சீனி வருத்தம் பணக்காரருக்கு வருவது என்ற பேச்சு பழசாகிவிட்டது. இன்று நம் லயங்களிலும் கிளினிக் கொப்பி இருக்கிறது. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் அதே ரொட்டி, இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணி. நம் சம்பளத்தில் பசியை அடக்குவது அதுதான். ஆகவே பழம் சாப்பிடு, மீன் சாப்பிடு என்று புத்தி சொல்ல நாங்கள் வரவில்லை. ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, வல்லாரைச் சம்பலையோ பருப்பையோ கூட்டிக்கொள்ளலாம். தேத்தண்ணியைச் சீனி போடாமல் குடிக்கலாம். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு குடித்தால் கணக்கு ஒன்றுதான்!

மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் மலையேறாதீர்கள். இன்சுலினும் சில மாத்திரைகளும் சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் கூடையை இறக்கிவிட்டு உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். அதற்காகப் படங்கில் ஒரு சீனிப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் சொல்லி வையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

நாள்பட்ட சீனி வருத்தத்தில் கால் மரத்துப்போகும். அட்டை கடித்ததும் முள் குத்தியதும் தெரியாது. இரவில் கழுவித் துடைத்து, விரலிடுக்கெல்லாம் பாருங்கள். கண் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் பார்க்கச் சொல்லுங்கள். புண் கண்டால் மஞ்சள் தடவி நாளைக் கடத்தாதீர்கள்.

அரச ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம்தான். ஆனால் போகிற நாளில் நமக்குப் பெயர் இல்லை. பஸ் காசு வேறு. மருந்து முடிந்துவிட்டது என்று துண்டு எழுதித் தந்தால் அதற்கும் கைக்காசு. அதனால்தான் நம்மவர்கள் மாதம் விட்டு மாதம் போகிறார்கள், ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் போடுகிறார்கள். இதைக் கவலையீனம் என்று ஏசுபவர்கள் ஒரு பெயரின் பெறுமதி தெரியாதவர்கள். வெளியே வாங்குவதானால் அரச ஒசுசலவிலும் விலை கேளுங்கள். முழு மாதத்துக்கு முடியாவிட்டால் ஒரு வாரத்துக்காவது வாங்குங்கள். அளவை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கிளினிக் கொப்பி காட்டுபவருக்கு அன்றைய பெயர் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகிறோம். வெறும் வாயால் கேட்டால் நடக்காது. கடந்த மூன்று மாதத்தில் கிளினிக்குக்காக எத்தனை பெயர் இழந்தீர்கள் என்று திகதியோடு எழுதி, தோட்டத் தலைவரிடம் கொடுங்கள்.