அக்கரையிலிருந்து பாடியவர்



காதலும் கடவுட்பற்றும் ஓருறையில் இரு வாள்கள் என்பாருளர். மிஷன் பள்ளியிலே படித்த நமக்கு இஃது வியப்பே. மணவாளனும் மணவாட்டியும் ஏங்கிப் பேசும் உன்னதப்பாட்டை வேதப்புத்தகத்தின் நடுவிலேதான் கண்டோம். நம் சமயமோ ஒரு காதலரையே நாயனாராக வைத்துக் கும்பிடுகிறது.

திருக்கேதீச்சரத்திற்குத் தேவாரம் பாடியவர் இருவர்: சம்பந்தரும் சுந்தரரும். இருவரும் இராமேச்சரத்திலே நின்று, கடல் தாண்டாமலே பாடினர் என்பது மரபு. ஆயினும் சுந்தரர் பதிகத்திலே பாலாவிக் கரை வருகிறது. மரக்கலங்கள் நிறைந்த மாதோட்டக் கடல் வருகிறது. ஏக்கத்திற்கு அத்துணைக் கண்ணொளி!

அந்தச் சுந்தரரே திருவாரூரிலே பரவையாரை மணந்தார். பின்னர்த் திருவொற்றியூரிலே, பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து சங்கிலியாரை மணந்தார். வசந்த விழா ஆரூரை நினைப்பூட்டவே பிரிந்தார், கண்ணிரண்டும் மறைந்தன. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும் மீண்டன. பரவையாரோ ஊடி நின்றார். நள்ளிரவிலே இறைவனே தூது நடந்தார். முதன்முறை அர்ச்சகர் வேடத்திற் போய் வெறுங்கையோடு திரும்பினார். மறுமுறை தம் வடிவிலே சென்ற பின்னரே அம்மையார் இணங்கினார். துறவு கொள் என்று தோழனுக்கு அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். (ஒற்றியூரிலே தனித்திருந்த சங்கிலியாரின் நியாயத்தை நம் பிரசங்கிகள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். நமக்கு அது குறையாகவே படுகிறது.)

பிரிவு மன்னார்க் கரைக்குப் புதிதன்று. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீற்றர். 1914 முதல் கப்பல் ஓடியது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேச்சரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. யுத்த காலத்திலே வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனவர் பலர். இன்று கட்டாருக்கும் துபாய்க்கும் போகிறார்கள். புதுமணப் பெண்கள் இங்கே காத்திருக்கிறார்கள்.

கைத்தொலைபேசியில் முகம் நாள்தோறும் தெரிகிறது. "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு மேலே பேச்சு நகருவதில்லை. ஈராண்டிலே அன்பு வரண்டுபோவது தூரத்தினால் மட்டுமன்று. சுந்தரர் ஆண்டவனிடம் இரந்தார், வழக்காடினார், கண்ணிழந்தபோது ஏசவும் ஏசினார். பேசாமல் மட்டும் இருந்தாரில்லை. கோபத்தையும் ஏக்கத்தையும் அவரிடமே சொன்னார், உறவு அறவில்லை.

ஆகவே, அன்பர்களே, இன்றிரவு அழைப்பு வந்தால் பாலாவியிலே நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள். நீங்கள் எதற்காகக் கோபித்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு அவர் பேசட்டும்.