விழிக்க மறுக்கும் கணினி

மருத்துவமனையின் அளவீட்டுக் கருவியிலும், தொழிற்சாலையின் எந்திரத்திலும், மாணவனது மேசையிலும் இன்று சிறியதொரு கணினிப் பலகை இடம்பெற்றிருக்கின்றது. ஒருநாள் ஆளியை அழுத்தினால் அது விழிப்பதில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிகின்றது. திரையோ இருண்டே கிடக்கின்றது. "மூளை போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிப் பலகையை வீசிவிடுவோர் பலர். 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 620 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதிற் காற்பங்கிற்கும் குறைவானதே முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவாகியது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அவசரத் தீர்ப்புகளும் அக்குவியலுக்குத் தம் பங்கைச் சேர்க்கின்றன.

கணினியின் மூளை எனப்படுவது முறைவழியாக்கி. அது தானாக விழிப்பதில்லை. அதனை விழிக்கச் செய்வதற்கென அருகிலே வேறொரு சில்லு உண்டு. அதுவே மின் முகாமைச் சில்லு. வெளியிலிருந்து வரும் 5 உவோற்று மின்னை அது 3.3, 1.8, ஏறத்தாழ 1 எனப் பல அழுத்தங்களாகப் பிரித்து, குறித்த ஒழுங்கில், ஒன்றன்பின் ஒன்றாக வழங்குகின்றது. குளத்து நீரை வாய்க்கால்தோறும் முறைவைத்துத் திறந்துவிடும் வட்டவிதானையின் பணியை ஒத்தது இச்சில்லின் பணி. வாய்க்கால் ஒன்று உடைந்திருப்பின் வட்டவிதானை மதகை அடைத்துவிடுவார் அன்றோ? சில்லும் அதனையே செய்கின்றது. ஆகவே மின் வராமை எப்பொழுதும் சில்லின் பழுதன்று. பல வேளைகளில் அது சில்லின் காவல்.

இவ்வுண்மையை உணர்ந்தவன் பழுதைத் தேடும் முறையே வேறு. அவன் எதையும் கழற்றுமுன் பன்மானியைக் கையில் எடுக்கின்றான். முதலாவதாக, சில்லின் காலடியில் உள்ளீட்டு மின் வந்து சேர்ந்ததா என்று அளக்கின்றான். செருகியிலே 5 உவோற்று இருந்தும், மெலிந்த வடமொன்று வழியிலேயே அழுத்தத்தை இழந்துவிடக்கூடும். இரண்டாவதாக, "தொடங்கு" என்று கட்டளையிடும் இயக்கு சைகை சில்லுக்குக் கிடைத்ததா என்று பார்க்கின்றான். மூன்றாவதாக, வெளியீட்டு மின்வழிகளைத் தரவுத்தாளில் எழுதிய ஒழுங்கின்படியே அளக்கின்றான். முதலாவதாகக் காணாமற்போன மின்வழி எதுவோ, அதுவே தேடலின் வாயில். அதற்குப் பின்னுள்ளவை இல்லாமை வெறும் விளைவேயாகும்.

எல்லா மின்வழிகளும் சீராக இருப்பின், "மின் யாவும் நன்று" என்னும் சைகை எழுந்ததா, மீளமைப்புச் சைகை முறைவழியாக்கியை விடுவித்ததா, பளிங்கு அலையி துடிக்கின்றதா என்பன அடுத்த வினாக்கள். இவையனைத்தும் ஒழுங்காயிருந்த பின்னரே நினைவகத்தையும், தொடக்க மென்பொருளையும், ஈற்றில் முறைவழியாக்கியையும் ஐயுறுதல் தகும்.

மின்வழியொன்று எழாவிடின் குற்றம் வழங்கும் சில்லிலா, வாங்கும் பகுதியிலா? இதனைப் பிரித்தறிய, மின்னைத் துண்டித்து, அவ்வழிக்கும் புவித்தொடுப்புக்கும் இடையிலுள்ள தடையை அளத்தல் வேண்டும். மிகக் குறைந்த தடை குறுஞ்சுற்றைக் காட்டலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. முறைவழியாக்கியின் மையத்துக்குச் செல்லும் வழி இயல்பாகவே சில ஓம்களோ அதனினும் குறைவோ காட்டக்கூடும். எனவே பழுதற்ற அதேவகைப் பலகையோடு ஒப்பிடாமல் முடிவு கூறலாகாது. வெடித்த சிறு கொள்ளளவியொன்று முழு மின்வழியையும் முடக்கவல்லது. அவ்வழிக்குரிய அழுத்தத்தை மீறாது, மின்னோட்டத்தையும் மட்டுப்படுத்தி, வெளியிலிருந்து மின் செலுத்தினால் குற்றமுள்ள உறுப்பு சூடேறும். அதன்மேல் தடவிய மதுசாரம் பிறவற்றினும் முந்தி உலர்ந்து அதனைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு நுட்பமும் நினைவிற் கொள்ளத்தக்கது. சில சில்லுகள் குறுஞ்சுற்றைக் கண்டதும் அணைந்து, சற்றுப் பொறுத்து, மீண்டும் முயலும். பன்மானி அங்கே ஒன்றுமில்லை எனச் சொல்ல, அலைவுகாட்டியோ எழுந்தெழுந்து வீழும் துடிப்புகளைக் காட்டும்.

பலகையிற் பழுதெதுவும் இன்றியே கணினி விழிக்காத நிலையும் உண்டு. 2019 ஆம் ஆண்டு யூனில் வெளியான ராஸ்பெரி பை 4 இதற்குத் தக்க சான்று. அதன் யூ.எஸ்.பி. சி செருகியில் இரு அடையாளக் கால்களுக்கும் தனித்தனியே 5,100 ஓம் தடையி இருத்தல் விதி. முதற்பலகைகளிலோ இரண்டும் ஒரே தடையியோடு இணைக்கப்பட்டிருந்தன. தன் தகுதியைத் தானே அறிவிக்கும் சில்லமைந்த உயர்தர வடத்தினுள் ஏறத்தாழ 1,000 ஓம் தடையொன்று உண்டு. அதுவும் சேரவே, மின்வழங்கி அப்பலகையை ஒலித் துணைக்கருவியெனக் கருதி மின் வழங்க மறுத்தது. மலிவான எளிய வடத்தைச் செருகியபோதோ அதே பலகை விழித்தெழுந்தது! பின்னர் வந்த திருத்தப் பலகைகளில் இக்குறை நீக்கப்பட்டது. முதற்பலகையை வாங்கியோருள் எவரேனும் வடத்தை மாற்றிப் பாராது முறைவழியாக்கியைப் பழித்திருப்பின், நல்ல மூளையொன்று குப்பைக்குச் சென்றிருக்கும்.

சில்லே பழுதென்று உறுதியான பின்னரும் அவசரம் ஆகாது. எந்த வழிக்கு எவ்வளவு அழுத்தம், எது முன், எது பின் என்பவற்றை ஆலையிலேயே தம்முள் எழுதிப் பெற்ற சில்லுகள் பல. ஒரே பெயருடையனவாயினும் ஈற்றெழுத்து மாறினால் அவ்வெழுத்தோடு அமைப்பும் மாறலாம். பெயரை மாத்திரம் பார்த்துப் பொருத்திய புதுச்சில்லு தவறான அழுத்தத்தை வழங்கி, அதுவரை பிழைத்திருந்த முறைவழியாக்கியையும் கொன்றுவிடக்கூடும்.

மௌனம் மரணமன்று. கணினி பேசாதபோது அது எப்படியில் நின்றுவிட்டது என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். மின் வந்ததா, கட்டளை கிடைத்ததா, வழிகள் எழுந்தனவா, விடுதலை பிறந்ததா என்னும் நான்கு வினாக்களையும் இவ்வொழுங்கிலே கேட்பவனுக்குப் பலகை தன் நோயைத் தானே உரைத்துவிடும். பத்து நிமிட அளவீடு, பல்லாண்டு உழைக்கவல்ல ஒரு கருவியைக் காத்துத் தரும்.