அமெரிக்க வளாகங்களும் நம்ம இடஒதுக்கீடும் – மாணவர் அணிப் பயிலரங்க உரை



காலையில ஒரு தம்பி கேட்டாரு: "அண்ணே, அமெரிக்காவுல தகுதி பார்த்துத்தானே சீட்டு கொடுக்கறாங்க? நாம மட்டும் ஏன் இன்னும் இடஒதுக்கீடு பேசிக்கிட்டு இருக்கோம்?" வாட்ஸ்அப்பில் தினமும் சுற்றுகிற கேள்விதான். அதனால இன்னிக்குக் கொஞ்சம் அமெரிக்கக் கதை.

1968 நவம்பர் 6. சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி. கறுப்பின மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். மெக்சிகோ, சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் வழிவந்த பிள்ளைகளும் கூடவே நின்றார்கள். 'மூன்றாம் உலக விடுதலை முன்னணி' என்று கூட்டணிக்குப் பெயர். என்ன கேட்டாங்க? எங்க மக்களோட வரலாற்றைப் பாடமா வையுங்க, அதை நடத்த எங்க ஆட்களைப் போடுங்க, எங்க பிள்ளைகளுக்கு இடம் கொடுங்க. அவ்வளவுதான். அதுக்குப் போலீஸ் தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. தற்காலிகத் தலைவராக வந்த ஹயகாவா, மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டி மேலேயே ஏறி ஒயரைப் பிடுங்கினார். அவரும் ஜப்பானிய வம்சாவளிதான், பாருங்க! பின்னாளில் செனட்டரும் ஆனார். மாணவர்கள் அசரவில்லை. 1969 மார்ச் வரை போராட்டம். அதன் பலனாக, சிறுபான்மை இனங்களின் வரலாறு, பண்பாடு பற்றிப் படிக்க அந்தக் கல்லூரியில் தனிப் புலமே வந்தது. அந்த நாட்டிலேயே அதுதான் முதல்.

இன்னிக்குப் பல நிறம், பல மொழின்னு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளம்பரப் படம் போடுதே, அது நிர்வாகம் மனசு இறங்கிக் கொடுத்தது இல்ல.

அடுத்து 1978, பாக்கி வழக்கு. டேவிஸ் மருத்துவக் கல்லூரியில் 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மை இனத்தவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. ஆனால் இனத்தையும் ஒரு அம்சமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றது. நீதிபதி பவல் சொன்ன காரணத்தை நல்லா கவனிங்க. சமூகம் செய்த அநீதிக்குப் பரிகாரம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. பலதரப்பட்ட மாணவர்கள் இருந்தால் கல்வி சிறக்கும் என்பதைத்தான் ஏற்றார். அதாவது, அடிமைப்படுத்தப்பட்டவரின் பேத்திக்கு அது உரிமை என்பதால் இடம் இல்ல. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு நல்ல அனுபவம் கிடைக்கும் என்பதால் இடம்! குழம்புல கருவேப்பிலை மாதிரி. வாசனைக்குப் போடுவாங்க, சாப்பிடும்போது எடுத்து வெச்சிடுவாங்க.

எடுத்தும் வெச்சாங்க. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களில் 1996 வாக்கெடுப்பிலேயே போச்சு. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா வழக்குகளில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதே கூடாது என்றது. ஆனா முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் காட்டிவந்த சலுகையை அந்தத் தீர்ப்பு தொடலை. தகுதி பத்திக் கேட்ட தம்பி இதைக் குறிச்சுக்கணும்.

நம்ம ஊர்லயும் வகுப்புவாரி அரசாணை செல்லாதுன்னு 1951-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. பெரியாரின் போராட்டம், தெருவெல்லாம் கொந்தளிப்பு. அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 'சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய' என்ற சொற்கள் 15(4)-ல் ஏறின. நாம வகுப்பறைக்கு அழகு சேர்க்கிறோம்னு சொல்லி அதைக் கேட்கலை. பங்கைக் கேட்டோம்.

இன்னொண்ணு. 2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் சாதியையும் சேர்த்தது. எதிர்த்தது யார் தெரியுமா? இந்திய வம்சாவளிப் பேராசிரியர்கள் சிலர். கடல் தாண்டியும் கூடவே எடுத்துட்டுப் போயிருக்காங்க! கேட்டு வாங்கியது அங்கே படித்த தலித் மாணவர்களும் அவர்களோடு நின்ற மற்ற மாணவர்களும். அந்த 23-ல் ஒண்ணு, ஹயகாவா ஒயரைப் பிடுங்கின அதே சான் பிரான்சிஸ்கோ வளாகம்.

சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. காலையில கேட்ட தம்பி எங்கே? மைக்கை அவர்கிட்ட கொடுங்க.