பசுவின் வயிற்றில் எண்ணெய் படும் பாடு

தோட்டத்தில் கறவை மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. பச்சைப் புல்லில் உள்ள கொழுப்பு, நல்லெண்ணெயைப் போல எளிதில் உறையாத வகையைச் சேர்ந்தது. அதைத் தின்னும் பசுவின் நெய் மட்டும் குளிரில் மணல் மணலாக உறைகிறதே, ஏன்?

விடை பசுவின் இரைப்பையில் இருக்கிறது. அதற்கு நான்கு அறைகள். முதல் அறை பெரிய தொட்டி போன்றது. பெரிய கறவைப் பசுவில் 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதிலுள்ள நீரின் ஒரு சொட்டில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லின் நாரைச் செரிப்பவை அவைதாம்.

கொழுப்பு உள்ளே போனதும், நுண்ணுயிர்கள் முதலில் அதன் கட்டை அவிழ்த்துக் கொழுப்பமிலங்களைத் தனியே பிரிக்கின்றன. உறையாத வகை அமிலங்கள் அவற்றுக்கு நஞ்சு போன்றவை. ஆகவே அவற்றோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, பெரும்பகுதியை உறையும் வகையாக மாற்றிவிடுகின்றன. தொழிற்சாலையில் எண்ணெயை வனஸ்பதியாக்குவதும் ஏறக்குறைய இதே வேலைதான்! மாறிய கொழுப்பு சிறுகுடலில் இரத்தத்தில் சேர்ந்து, ஒரு பங்கு மடிக்குப் போகிறது.

கோழிக்கு இந்த ஏற்பாடு இல்லை. அது தின்ற எண்ணெயின் குணம் அதன் கொழுப்பிலேயே தெரியும். பால் குடிக்கும் கன்றுக்கும் அப்படித்தான். பால் முதல் அறைக்குப் போகாமல், ஒரு வாய்க்கால் வழியாக நேரே நான்காம் அறைக்குச் சென்றுவிடும்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை வீணாக்குவானேன் என்று தவிட்டில் கலந்து மாட்டுக்கு வைப்பவர்கள் உண்டு. அளவு மிஞ்சினால் எண்ணெய் நாரின் மேல் படிந்துவிடும், நுண்ணுயிர்களும் மடியும். நார் செரிக்காது, மாடு தீனியைக் குறைக்கும். நார் செரிக்கும்போது உண்டாகும் அமிலத்திலிருந்தே பாலின் கொழுப்பில் ஒரு பெரும்பங்கு மடியில் உருவாகிறது. ஆகவே எண்ணெய் ஊற்ற ஊற்றப் பாலில் கொழுப்பு கூடும் என்று எண்ணாதீர்கள், குறையவும் கூடும். பால் விற்ற காசில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய நட்டமா?

தீனியின் உலர்ந்த எடையில், கொழுப்பு எல்லாம் சேர்த்து 100க்கு 6 பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஆலையில் பிழிந்த செம்பனை விதைப் பிண்ணாக்கிலும் எண்ணெய் மிச்சமிருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். புதுத் தீனியைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். எதைக் கொடுத்தாலும் புல்லைக் குறைக்காதீர்கள். நாம் தீனி போடுவது மாட்டுக்கு மட்டுமன்று. அதன் வயிற்றில் வாழும் கோடி உயிர்களுக்கும்தான்.