மூட்டில் சீழ் பிடித்தால்

(பங்கின் வெள்ளிவிழாவையொட்டி நடந்த மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



மூட்டுவலி என்று சொன்னவுடன் இங்கே பலர் முழங்காலைத் தடவிக்கொள்கிறீர்கள். வயதினால் வரும் அந்தத் தேய்மான வலியைப் பற்றி நாங்கள் பேச வரவில்லை. நேற்றுவரை நன்றாயிருந்த ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, தொட்டால் கொதித்து, அசைக்க முடியாமல் வலித்து, பெரும்பாலும் காய்ச்சலும் குளிருமாக ஆளைப் படுக்கையில் தள்ளும் நோய் ஒன்று உண்டு. மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் வைப்பதே அது. பெரும்பாலும் ஒரே மூட்டில்தான் வரும். பெரியவர்களுக்கு முழங்காலில் அதிகம்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமியே இதில் முதல் குற்றவாளி. ஆறாத புண், சிரங்கு, கட்டி இவற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து மூட்டைச் சேரும். முள் குத்திய வழியாகவும், சுத்தமில்லாத ஊசி வழியாகவும் நேரே நுழைவதுண்டு. மேடையில் சொல்லக் கூச்சமாயிருந்தாலும், வெட்டை நோய்க் கிருமியும் வாலிப வயதினரின் மூட்டைத் தாக்கும் என்பதை மறைக்கலாகாது. காசநோயும் மூட்டுக்கு வரும். ஆனால் அது மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும்.

சர்க்கரை நோயாளிகள், முதியோர், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், செயற்கை மூட்டு வைத்திருப்போர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். முடக்குவாதக்காரர்களுக்கும் அப்படியே. அவர்களோ, 'இது வழக்கமான வலிதானே' என்று இருந்துவிடுகிறார்கள். மற்ற மூட்டுகளெல்லாம் சும்மா இருக்க ஒன்று மட்டும் கொதித்தால் அது வழக்கமான வலியல்ல.

தாய்மார்களே, உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று. பச்சிளங் குழந்தையின் இடுப்பு மூட்டில் இது வந்தால் வீக்கம் வெளியே தெரியாது, காய்ச்சல்கூட இல்லாதிருக்கலாம். குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்காது. துணி மாற்றக் காலைத் தூக்கினால் வீறிட்டு அழும். 'உரம் விழுந்திருக்கிறது' என்று எண்ணெய் தடவி நீவினால் நாள்தான் வீணாகும். தொடை எலும்பின் தலை அழிந்துபோனால் ஒரு கால் குட்டையாகி, ஆயுள் முழுதும் நொண்ட நேரிடும். 1874-இல் லண்டனில் தாமஸ் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் குழந்தைகளின் இந்த நோயை விவரித்து எழுதினார். அன்று அவர் கையில் கிருமிகளைக் கொல்லும் மருந்து இல்லை. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்ததே 1940-களில்தான். இன்று மருந்து இருக்கிறது. நேரத்துக்கு வந்து சேர்வதுதான் குறை.

ஏன் இந்த அவசரம்? மூட்டின் எலும்பு முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறதல்லவா, சீழ் அதைச் சில நாட்களிலேயே அரித்துவிடும். அது மறுபடி பழையபடி வளராது. கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பத்திரியில் முதலில் ஊசியால் மூட்டு நீரை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று சோதிப்பார்கள். அதற்கு முன்பே கடையில் வாங்கிய நாலு மாத்திரையை விழுங்கினால் கிருமி சோதனையில் அகப்படாமல் போகலாம். பின்பு ஊசி வழியே மருந்து, அதன்பின் மாத்திரை, இப்படிச் சில வாரங்கள் நடக்கும். சீழை ஊசியால் உறிஞ்சியோ, அறுவை செய்து கழுவியோ அகற்றுவார்கள். மருந்து மட்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். குளத்தில் சேறு கிடக்க மேலே மருந்து தெளிப்பது போல்தான் அது.

காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வலி தணிந்ததும், டாக்டர் சொன்ன நாளிலிருந்து மூட்டை மடக்கி நீட்டிப் பழக்குங்கள். கட்டுப்போட்டு அப்படியே விட்டால் விறைத்துவிடும்.